பாகூரில் பெயரடை இல்லை

ஒன்பதாம் நூற்றாண்டில் பாகூரில் ஒரு கல்லூரி இருந்தது. பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் மூன்று ஊர்களை அதற்கு விட்டுக்கொடுத்த செய்தி, வடமொழியும் தமிழும் கலந்த பாகூர்ச் செப்பேட்டில் இருக்கிறது. வித்யாஸ்தானம் என்கிறது செப்பேடு. பதினான்கு வித்தைகளுக்கான இடம். நாலு வேதம், ஆறு அங்கம், மீமாம்சை, நியாயம், புராணம், தர்மசாஸ்திரம் என்று மரபு அவற்றை எண்ணும். அந்த ஆறு அங்கங்களில் ஒன்று வியாகரணம், அதாவது இலக்கணம்.

இன்று பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் இலக்கணம் என்றால் பிள்ளைகளுக்கு முதலில் ஞாபகம் வருவது இங்கிலீஷ் கிராமர்தான். கோடிட்ட இடத்தை நிரப்பு: ‘ஷீ லுக்ஸ் ___’. பியூட்டிஃபுல்லா, பியூட்டிஃபுல்லியா? பெயரைச் சொன்னால் அட்ஜெக்டிவ், வினையைச் சொன்னால் அட்வெர்ப் என்று விதி சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ‘லுக்ஸ்’ வினைதானே? பிள்ளை ‘பியூட்டிஃபுல்லி’ என்று எழுதும். சிவப்பு மை விழும்.

என் கட்சி, அந்தப் பிள்ளை யோசித்துத்தான் எழுதியிருக்கிறது என்பது. தமிழில் யோசித்து.

‘அழகான பெண்’, ‘அழகாகப் பாடினாள்’. இதுவரை தமிழும் இங்கிலீஷும் ஒரே தண்டவாளத்தில் போகின்றன. ‘அவள் அழகாக இருக்கிறாள்’ என்கிற இடத்தில் பிரிந்துவிடுகின்றன. ‘இருக்கிறாள்’ வினை, அதற்கு முன்னால் வருவது ‘ஆக’. தமிழ் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. பேச்சிலும் அப்படித்தான்: ‘அழகான பொண்ணு’, ‘அழகா பாடுறா’, ‘அழகா இருக்கா’. இங்கிலீஷ்தான் பி, லுக், ஃபீல், ஸீம் மாதிரிச் சில வினைகளுக்குத் தனிச் சலுகை கொடுத்து, அவற்றுக்குப் பின்னால் அட்ஜெக்டிவ் போடச் சொல்கிறது. காரணம், அங்கே அந்தச் சொல் வினையைத் தாண்டிப் போய் எழுவாயைப் பற்றிப் பேசுகிறது. அர்த்தமுள்ள சலுகைதான். ஆனால் ‘வினையைச் சொன்னால் அட்வெர்ப்’ என்ற ஒற்றை வரி விதியில் அது அடங்கவில்லை. விதியை நம்பிய பிள்ளைக்குத்தான் மார்க் போகிறது.

இன்னொரு விஷயம், இந்த இரண்டு பெட்டிகளும் ஒரே வயதுடையவை அல்ல. கிரேக்கத்தில் தியோனீசியஸ் திராக்ஸ் பெயரில் வழங்கும் இலக்கணம் சொற்களை எட்டு வகையாகப் பிரிக்கிறது. அட்வெர்ப் உண்டு, அட்ஜெக்டிவ் இல்லை. ‘நல்ல’ என்பது அவர்களுக்குப் பெயர்ச்சொல்லின் ஒரு வகை. பெயரைப் போலவே வேற்றுமை ஏற்றுத் திரிந்தது. லத்தீன்காரர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வடமொழியிலும் அதே கதை. பாணினிக்குச் சொல் இரண்டே வகை: பெயர் விகுதி ஏற்பது, வினை விகுதி ஏற்பது. குணத்தைச் சொல்லும் சொல் பெயர்ப் பக்கம் நின்றுகொள்ளும். ஆக, பாகூர்க் கல்லூரியில் பாணினி வழியில் வியாகரணம் படித்தவருக்கு அட்ஜெக்டிவ் என்று தனி வகை இருந்திருக்காது.

தொல்காப்பியர் செய்தது எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் படுகிறது. பெயர், வினை, இடை, உரி என்று நாலு. ‘நல்லன்’ என்றால் அவருடைய கணக்கில் பெயர் மட்டுமல்ல, குறிப்பு வினையும்தான். காலத்தை வெளிப்படையாகக் காட்டாத வினை. மற்றவர்கள் குணத்தைப் பெயரோடு சேர்த்தார்கள், இவர் வினைக்கும் அதில் பங்கு கொடுத்தார். அதனால்தான் மரபிலக்கணத்தில் ‘நல்ல’ குறிப்புப் பெயரெச்சம், ‘மெல்ல’ குறிப்பு வினையெச்சம்.

எச்சம் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மிச்சம், முடியாமல் நிற்பது. ‘வந்த’ என்றால் காது ஒரு பெயருக்காகக் காத்திருக்கிறது: வந்த பையன். ‘வந்து’ என்றால் ஒரு வினைக்காக: வந்து போனான். சொல் என்ன பொருள் தருகிறது என்று கேட்காமல், அடுத்து எதற்காகக் காத்திருக்கிறது என்று கேட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள். கம்பைலர் எழுதுகிறவர்களுக்கு இது பழக்கமான சிந்தனை. ‘அழகான’, ‘அழகாக’ ஜோடியும் இதே ஆள்தான். ஆ என்ற ஒரே வினையின் இரண்டு எச்சங்கள், ஒன்று பெயருக்குக் காத்திருப்பது, மற்றது வினைக்கு.

உரிச்சொல்லைத்தான் அட்ஜெக்டிவ் என்று சிலர் எழுதுகிறார்கள். ஒத்துவராது. ‘நனி பேதை’, ‘நனி மகிழ்ந்தான்’ இரண்டும் சரி. ஒரே உரி, பெயரோடும் சேரும் வினையோடும் சேரும். அடைமொழி என்ற சொல்லும் மரபில் உண்டு, ஆனால் அது ஒரு சொல் செய்யும் வேலைக்குப் பெயர், தனிச் சொல்வகைக்கு அல்ல. பெயரடை, வினையடை என்று இன்று நாம் எழுதுவது பிற்காலத்து ஏற்பாடு.

நடுவில் ஐரோப்பியர் வந்தார்கள். பெஸ்கி, அதாவது வீரமாமுனிவர், இரண்டு கணக்கும் தெரிந்தவர். தமிழில் எழுதிய தொன்னூல் விளக்கத்தில் தமிழ் மரபின் வழியில் போகிறார். புதிதாக வரும் பாதிரிமாருக்காகப் பேச்சுத் தமிழைப் பற்றி லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அதில் லத்தீன் படித்தவருக்குத் தோதாக விஷயத்தை அடுக்குகிறார். ஆள் ஒன்று, வாசகர் வேறு, அலமாரி வேறு. 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளை ஒப்பிட்டபோது, இங்கே அட்ஜெக்டிவ் வேலையைப் பெயர்களும் எச்சங்களுமே பெரும்பாலும் பார்த்துக்கொள்கின்றன என்று கண்டார். தனி அட்ஜெக்டிவ் உண்டா இல்லையா என்று மொழியியலாளர்கள் பிறகும் சண்டை போட்டார்கள். இல்லை என்பதைக் குறை மாதிரிப் பேசியவர்களும் உண்டு. அப்படிப் பார்த்தால் தியோனீசியஸுக்கும் குறைதான்.

புதுச்சேரிக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரையை ழான்-லூக் ஷெவியார் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். 1996இல் முதல் பகுதியை வெளியிட்டவை இங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள். பாகூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடம்.

சரி, இங்கிலீஷ் விதி எங்கிருந்து இறுகியது? 1762இல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் எழுதிய சிறிய இலக்கணம் அட்ஜெக்டிவைத் தனி வகையாக வைத்தது. அட்வெர்ப் இருக்க வேண்டிய இடத்தில் அட்ஜெக்டிவ் போடுவதைத் தப்பு என்றது. தப்பு செய்தவர்கள் பட்டியலில் பெரிய எழுத்தாளர்களே நிற்கிறார்கள். லௌத் கவனிக்காத ஒரு சங்கதி: பழைய இங்கிலீஷில் அட்ஜெக்டிவோடு கடைசியில் ஒரு எகரம் சேர்த்தாலே அட்வெர்ப் ஆகிவிடும். காலப்போக்கில் அந்த எகரம் வாயிலிருந்து உதிர்ந்துபோனது. ஃபாஸ்ட், ஹார்ட் இரண்டும் அட்ஜெக்டிவாகவும் அட்வெர்ப்பாகவும் ஒரே உருவில் நிற்பது அதனால்தான். ‘லி’ ஒட்டுவது இன்னொரு வழி; அது பிறகு ஊரையே பிடித்துக்கொண்டது.

‘ஸ்லோ’வும் அட்வெர்ப்பாக ஷேக்ஸ்பியர் காலத்திலேயே புழங்கியதுதான். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரம் நிற்கிற ‘கோ ஸ்லோ’ போர்டை எந்த வாத்தியாரும் திருத்தியதில்லை. அதே இரண்டு வார்த்தையைப் பரீட்சைத் தாளில் எழுதிப் பாருங்கள்.