அந்தக் கை யாருடையது? நோ-ஹிட்டர், ஊதியம், மேலாளரின் முடிவு: ஒரு வரலாற்றுக் குறிப்பு

1970 ஜூலை 21 அன்று சான் டியேகோ பாட்ரேஸ் அணியின் இளம் பந்தெறிபவர் கிளே கிர்பி, நியூயார்க் மெட்ஸ் அணிக்கு எதிராக 8 சுற்றுகளை ஒரு ஹிட்டும் கொடுக்காமல் முடித்திருந்தார். இன்னும் ஒரு சுற்று தாண்டினால் நோ-ஹிட்டர். 9 சுற்றுகளிலும் எதிரணியின் ஒருவர்கூட முறையான அடியால் தளத்தை எட்டாத ஆட்டத்துக்குப் பேஸ்பாலில் வழங்கும் பெயர் அது. ஆனால் முதல் சுற்றிலேயே ஹிட் இன்றி ஓர் ஓட்டம் போயிருந்ததால் அணி 1-0 எனப் பின்தங்கியிருந்தது. எட்டாம் சுற்றில் கிர்பி மட்டை பிடிக்கும் முறை வந்தபோது மேலாளர் பிரெஸ்டன் கோமஸ் அவரை நீக்கி மாற்று மட்டையாளரை அனுப்பினார். மாற்று ஆளும் ஆட்டமிழந்தார். அடுத்து வந்த பந்தெறிபவர் ஹிட்டுகளை வழங்கினார். அணி 3-0 எனத் தோற்றது. அந்த ஆண்டு 99 தோல்விகளுடன் தன் பிரிவின் கடைசி இடத்தில் முடிந்த அணிக்கு ஒரு வெற்றி எவ்வளவு தேவைப்பட்டது என்று ரசிகர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டனர். 1974இல் ஹூஸ்டன் அணியின் மேலாளராக இருந்தபோது டான் வில்சனுக்கும் கோமஸ் அதையே செய்தார் என்பதால், அவரிடம் ஒரு கொள்கை இருந்தது என்பதையாவது மறுக்க இயலாது.

கிரிக்கெட் அறிந்தோர்க்கு 2004ஆம் ஆண்டின் முல்தான் நினைவுக்கு வரும். டெண்டுல்கர் 194இல் நிற்க, பொறுப்புத் தலைவர் திராவிட் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். அங்கும் தனியாள் சாதனையும் அணியின் நலனும் மோதின. ஆயினும் பேஸ்பால் விவாதத்தில் மூன்றாவதாக ஒரு தரப்பு உண்டு. பந்தெறிபவரின் தோளும் முழங்கையும் உழைப்புச் சந்தையில் விலை பெற்ற உறுப்புகள் என்பதே அத்தரப்பு. அவ்விலையை நிர்ணயிக்கும் உரிமைக்கான போராட்டத்தை ஒதுக்கிவிட்டு 'மேலாளர் செய்தது சரியா' என்ற கேள்வியை மட்டும் எழுப்பும் விவாதங்கள் பெரும்பாலும் பாதி வரலாற்றைத்தான் பேசுகின்றன.

1879இல் அணி உரிமையாளர்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டிலிருந்து வளர்ந்தது 'ரிசர்வ்' விதி. ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீரரைத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை அணியிடமே இருக்கும். வேறு அணி அவரை நாட முடியாது. அவரோ, விற்கப்படும் இடத்துக்குப் போகவேண்டும், இல்லையேல் ஆட்டத்தை விட்டே விலகவேண்டும். பேஸ்பால் மாநிலங்களுக்கிடையேயான வணிகம் அன்று. எனவே ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணிகள் மாநிலம் விட்டு மாநிலம் ரயிலேறி ஆடிய காலத்தில் எழுதப்பட்ட தீர்ப்பு இது!

செயின்ட் லூயிஸ் அணியின் கர்ட் ஃப்ளட் 1969 அக்டோபரில் பிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்டபோது போக மறுத்து வழக்காடினார். ஆண்டுக்கு 90,000 டாலர் பெறும் கறுப்பின வீரர் ஒருவர், தாம் வாங்கி விற்கும் உடைமை அல்லர் என்று கூறியது அன்றைய ரசிகர் பலருக்கு நன்றிகெட்ட செயலாகவே தோன்றியது. 1972இல் உச்ச நீதிமன்றம் 5-3 எனும் கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்வும் முடிந்திருந்தது.

நீதிமன்றம் திறக்காத கதவைத் தொழிற்சங்கம் திறந்தது. எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பொருளியலாளராகப் பணியாற்றிய மார்வின் மில்லர் 1966இல் வீரர் சங்கத்தின் பொறுப்பை ஏற்றபோது குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 6,000 டாலர். 1968இல் முதல் கூட்டு ஒப்பந்தம் அதை 10,000 ஆக்கியது. ஊதிய உயர்வைக் காட்டிலும் முதன்மையானது, பிணக்குகளைச் சார்பற்ற நடுவரிடம் கொண்டுசெல்லும் உரிமையைச் சங்கம் பின்னர் பெற்றதுதான். 1975ஆம் ஆண்டை ஆண்டி மெசர்ஸ்மித் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலேயே ஆடி முடித்தார். ஓராண்டுப் புதுப்பிப்பு என்றால் ஓராண்டு மட்டுமே, முடிவிலாச் சங்கிலி அன்று என்று டிசம்பர் 23 அன்று நடுவர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்பளித்தார். உரிமையாளர்கள் உடனே அவரைப் பணிநீக்கம் செய்தனர். தீர்ப்பை நீக்க அவர்களால் இயலவில்லை.

இதில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. ஓக்லண்ட் உரிமையாளர் சார்லி ஃபின்லி, எல்லா வீரரையும் ஆண்டுதோறும் விடுவித்துவிடலாம் என்றார். மில்லர் உள்ளூர அஞ்சியது அந்த யோசனைக்குத்தான்; சந்தையில் ஒரே நேரத்தில் எல்லாரும் நின்றால் விலை சரியும் அல்லவா? பிற உரிமையாளர்கள் ஃபின்லியைப் பொருட்படுத்தவில்லை. ஆறாண்டுச் சேவைக்குப் பின்னரே விடுதலை என்று 1976இல் உடன்பாடு ஏற்பட்டது. பற்றாக்குறை விலையை ஏற்றியது. 1975இல் ஏறத்தாழ 45,000 டாலராக இருந்த சராசரி ஊதியம் 1980இல் 1,40,000 டாலரைத் தாண்டியது.

'இத்தனை கோடி வாங்குபவர் ஆட்டத்தை முடித்துக் கொடுக்கக் கூடாதா' என்பது ரசிகர்களின் நெடுநாள் முறையீடு. வரலாறு இதற்கு எதிர்த்திசையில் நடந்தது. 1975இல் நியூயார்க் யாங்கீஸின் கேட்ஃபிஷ் ஹன்டர் 30 ஆட்டங்களைத் தாமே தொடங்கித் தாமே முடித்தார். 33 வயதில், 1979இல் ஓய்வு பெற்றார். 2022இல் 30 அணிகளும் சேர்ந்தே 40க்கும் குறைவான முழு ஆட்டங்களையே கண்டன. கை மலிவாக இருந்தவரை அது தேயத் தேய உழைத்தது. நீண்டகால ஒப்பந்தத்தில் முதலீடாக மாறியபின் அதைக் காப்பதில் உரிமையாளர்களுக்கும் அக்கறை பிறந்தது.

இம்முரண் முழுவடிவில் வெளிப்பட்ட நாள் 2012 ஜூன் 1. ஆறாண்டுகளுக்கு 13 கோடியே 75 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் மெட்ஸ் அணிக்கு வந்த யோகான் சந்தானா, 2010இல் தோள் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு 2011 முழுவதையும் இழந்து திரும்பியிருந்தார். 1962இல் தோன்றிய அவ்வணிக்கு அரை நூற்றாண்டாகியும் ஒரு நோ-ஹிட்டர்கூட வாய்க்கவில்லை. மேலாளர் டெரி காலின்ஸ் மனத்தில் வைத்திருந்த வரம்பு ஏறத்தாழ 115 வீச்சுகள். சந்தானா விலக மறுத்தார். 134ஆம் வீச்சில் வரலாறு நிகழ்ந்தது. அரங்கம் கொண்டாட, காலின்ஸ் கண்கலங்கினார். ஆறாம் சுற்றில் கார்லோஸ் பெல்ட்ரான் அடித்த பந்து கோட்டில் பட்டும் நடுவர் அதைத் தவறான அடி என அறிவித்தார் என்பதையும் சேர்த்தே அவ்விரவை நினைவுகூர வேண்டும். அதன்பின் சந்தானா ஆடியவை 10 ஆட்டங்கள். 2013இல் தோள் மீண்டும் கிழிந்தது. பெரிய லீக்கில் அவர் அதன்பின் ஒரு பந்தும் வீசவில்லை. ஒப்பந்தப்படி அவ்வாண்டின் 2 கோடியே 55 லட்சம் டாலர் அவருக்குக் கிடைத்தது. 134 வீச்சுகளே தோளைக் கெடுத்தன என்று கூறுவது முன்னிகழ்வைக் காரணமாகக் கொள்ளும் பிழை. அந்தத் தோள் ஏற்கெனவே பழுதுபட்டது. ஆனால் காலின்ஸ் அஞ்சியது வீண் அன்று.

லாஸ் ஏஞ்சலஸ் மேலாளர் டேவ் ராபர்ட்ஸ் மறுபக்கத்தில் நின்றார். 2016 செப்டம்பரில் ரிச் ஹில் 7 சுற்றுகளில் ஒருவரையும் தளத்தில் கால்வைக்க விடாதிருந்தபோது, விரல் கொப்புளத்தைக் கருதி அவரை வெளியே எடுத்தார். 36 வயது ஹில் வெகுண்டார். மூன்று மாதத்தில் அதே அணி அவருக்கு மூன்றாண்டுகளுக்கு 4 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் வழங்கியது. அவர் வாழ்வின் மிகப் பெரிய ஊதியம் அது. சைட்ஸ் தீர்ப்பின்றி அப்படியொரு பேரமே இருந்திராது.

2022 ஏப்ரல் 13 அன்று மினியாபோலிஸ் குளிரில் கிளேட்டன் கெர்ஷாவும் 7 நிறைவான சுற்றுகளுக்குப் பின் 80 வீச்சுகளில் விலக்கப்பட்டார். தொலைக்காட்சியிலும் நாளேடுகளிலும் ராபர்ட்ஸ் மீது வசை பொழிந்தது. கெர்ஷாவோ முடிவை ஏற்றுக்கொண்டார். முந்தைய ஆண்டு முழங்கை வலியால் இறுதிப் போட்டிகளை இழந்தவர் அவர். உரிமையாளர்கள் டிசம்பரில் தொடங்கிய கதவடைப்பு 99 நாள் நீடித்ததால் பயிற்சிக் காலமும் குறுகிப்போயிருந்தது. அவரே கதவடைப்பையும், தாம் தாமதமாகப் பந்தெடுத்ததையும் காரணமாகச் சுட்டினார். எட்டாம் சுற்றில் வேறொருவர் வீசிய பந்தில் மினசோட்டா முதல் ஹிட்டை எடுத்தது.

கிர்பி எந்நாளும் நோ-ஹிட்டர் வீசவில்லை. பாட்ரேஸ் அணிக்கு அது 2021 ஏப்ரல் 9 அன்று, சான் டியேகோவுக்கு அருகே வளர்ந்த ஜோ மஸ்குரோவின் கையால் வாய்த்தது.