மருந்து விலைப்பொருளா, உரிமையா?

திருவனந்தபுரத்திலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே சென்றால், ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் விழிஞ்ஞம் என்னும் ஊரை அடைகிறோம். மீனவர் பெருந்தொகையாக வாழும் ஊர் அது. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே பெருங்கப்பல்கள் வந்து தங்கும் புதிய துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்றது. ஆயினும் விழிஞ்ஞத்துக்குத் துறைமுகப் பெருமை புதியதன்று. ஆய் குல மன்னர்களின் தலைநகராக அது விளங்கிற்று. பாண்டியரும் சோழரும் அதன்மேல் படை நடத்தினர். முதலாம் இராசராசனின் படை அதனை வென்ற செய்தியைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. பாறையைக் குடைந்தமைத்த சிறு கோயிலொன்று அக்காலத்தின் சான்றாக இன்றும் அங்கு நிற்கின்றது. மன்னர் பலர் இச்சிற்றூருக்காகப் போரிட்டதன் காரணம் கடல் வாணிகமேயாகும்.

துறைமுகம் என்பது எப்பொருளுக்கும் விலை பேசும் இடம். மிளகுக்கும் விலையுண்டு, துணிக்கும் விலையுண்டு. மருந்துக்கும் அவ்வாறே விலை பேசலாமா? நோயுற்றவன் கையில் பணம் இருந்தால் பிழைப்பான், இல்லையேல் மாய்வான் என்று விட்டுவிடலாமா? அன்றி, உயிர் வாழும் உரிமையோடு சேர்ந்தது மருத்துவம் என்று கொள்ள வேண்டுமா? இவ்வினா ஏட்டில் மட்டும் எழுந்த வினா அன்று. நம் முன்னோரும் நம் தலைமுறையினரும் செயலில் விடை காண முயன்ற வினா இது. அம்முயற்சிகளுள் சிறந்தது ஒன்று விழிஞ்ஞத்துக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரத்திலேயே நிகழ்ந்தது. அதற்கு முன் சற்றே பின்னோக்கிச் செல்வோம்.

காஞ்சிபுரத்துக்கு அருகே பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் என்னும் தலம் இருக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்தில், ஏறத்தாழ 1068-ஆம் ஆண்டில், அங்குள்ள பெருமாள் கோயிலில் நீண்ட கல்வெட்டொன்று பொறிக்கப்பட்டது. வேதப் பள்ளியொன்றும், அதனோடு சேர்ந்த ஆதுலர் சாலையொன்றும் அங்கு நடைபெற்றதை அக்கல்வெட்டால் அறிகிறோம். ஆதுலர் என்பார் நோயுற்றோர். அவர்களுக்கெனப் பதினைந்து படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர் என்று பணியாளர் அமர்த்தப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு எத்தனை கலம் நெல் என்பதும் கணக்கிட்டு எழுதப்பட்டது. ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் வரிசையாக அமைந்தன. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவார் என மருத்துவத்துக்கு நான்கு கூறுகளை வகுத்தார் திருவள்ளுவர். அந்நான்கும் ஒரு கல்லிலேயே ஒருங்கு காணக் கிடைப்பது வியப்பன்றோ?

இக்கல்வெட்டைப் படித்துப் பெருமைப்படுவதோடு நின்றுவிடுதல் ஆகாது. அந்த மருந்துகளும் இலவசமாக விளைந்தவை அல்ல. நிலத்தில் உழைத்தவர் தந்த நெல்லே மருத்துவர்க்குக் கூலியாயிற்று. யாரோ ஒருவர் விலை கொடுத்தே இருக்கிறார், ஆனால் படுக்கையில் கிடந்தவரிடம் அவ்விலை கேட்கப்படவில்லை. அது முதற் பாடம். இரண்டாவது பாடம் சற்றுக் கசப்பானது. அச்சாலை கோயிற் பணியாளர்க்கும் பள்ளி மாணவர்க்கும் ஆனது. அந்நெல்லை விளைவித்த உழவனுக்கு நோய் வந்தால் அவன் எங்கே சென்றான் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. ஆதலின் அதனை உரிமை என்று சொல்ல இயலாது. அது கொடை. கொடை கொடுப்பவனின் விருப்பத்தைச் சார்ந்தது. உரிமையோ பெறுபவனோடு பிறந்தது.

கொடையிலிருந்து உரிமையை நோக்கி நாடு நடந்த வழியில் திருவிதாங்கூருக்கு ஓர் இடமுண்டு. 1813-ஆம் ஆண்டில், இராணி கௌரி இலட்சுமி பாய் ஆட்சியில், பெரியம்மையைத் தடுக்கும் அம்மைப்பால் குத்துதல் அங்கே தொடங்கியது. மக்கள் அஞ்சினர். அவ்வச்சத்தைப் போக்க அரச குடும்பத்தாரே முதலில் குத்திக்கொண்டனர். 1879-இல் அரசுப் பணியாளர், மாணவர், சிறைப்பட்டோர் ஆகியோர்க்கு அது கட்டாயமாக்கப்பட்டது. அண்டை வீட்டுக் குடிசையில் அம்மை இருக்கும்வரை அரண்மனைக்கும் காவலில்லை. பணமுள்ளவன் மட்டும் வாங்கிக்கொள்ளும் பண்டமாக மருந்து இருந்தால், அப்பணமுள்ளவனையும் அது காப்பதில்லை என்பதை அம்மை நோய் அரசர்க்கும் கற்பித்தது எனலாம்.

இனித் திருவனந்தபுரத்தில் நம் காலத்தில் நிகழ்ந்ததைக் காண்போம். சிறு குழந்தைக்குத் தொண்டைப் புண் வருகிறது. பெற்றோர் அதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. கவனிப்பாரின்றி விட்ட புண் சில குழந்தைகளிடத்தில் மூட்டுவாதக் காய்ச்சலாக மாறி, இருதயத்தின் வால்வுகளைச் சிதைத்துவிடுகிறது. நெருக்கமான வீடுகளில் வாழும் ஏழை எளியோரையே இந்நோய் பெரிதும் பற்றுகிறது. சிதைந்த வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வைப் பொருத்தினால் நோயாளி பிழைக்கலாம். ஆனால் அவ்வால்வு வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. அதன் விலை, அந்நோய்க்கு ஆளாகும் குடும்பங்களால் எட்டிப் பிடிக்க இயலாதது. நோய் ஏழையினுடையது, மருந்தோ செல்வனுடையது என்பதே அன்றைய நிலை.

1973-இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் தாம் எழுப்பிய மருத்துவமனைக் கட்டடத்தை மாநில அரசிடம் ஒப்படைத்தனர். ஸ்ரீ சித்திரைத் திருநாள் பெயரால் அமைந்த அந்நிலையம் 1976-இல் பணி தொடங்கி, 1980-இல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. அதன் இயக்குநராக இருந்தவர் அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான். 2024-இல் மறைந்த அப்பெரியார், இறக்குமதியை நம்பியிராமல் வால்வை இங்கேயே செய்வதென்று துணிந்தார். பூஜைப்புரையில் பழைய அரண்மனையொன்று ஆய்வுக்கூடமாயிற்று. பொறியாளரும் மருத்துவரும் ஒன்றுகூடி உழைத்தனர். முதல் மாதிரி தோற்றது, இரண்டாவதும் தோற்றது, மூன்றாவதும் தோற்றது. நான்காவது மாதிரியில், உறுதியான உலோகக் கலவையாலான சட்டத்துக்குள் ஒருவகைப் பிளாஸ்டிக் வட்டு சாய்ந்து திறந்து மூடுமாறு அமைத்தனர். ஆடுகளிடம் சோதித்துத் தெளிந்தபின், 1990-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள், முதன்முதலாக அது ஒரு மனிதரின் இருதயத்தில் பொருத்தப்பட்டது. சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. நிறுவனம் அதனைச் செய்து விற்கும் பொறுப்பை ஏற்றது. இறக்குமதி வால்வைவிட மிகக் குறைந்த விலையில் கிடைத்த அவ்வால்வு, இதுவரை ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் மார்பில் இடம்பெற்றுள்ளது.

இந்நிகழ்ச்சியை நாம் நன்கு ஆராய வேண்டும். இங்கே வாணிகம் ஒதுக்கப்படவில்லை. தொழிற்சாலையும் விற்பனையும் இலாபமும் உள்ளன. ஆயினும் ஆய்வின் செலவையும் தோல்வியின் நட்டத்தையும் பொதுமக்கள் பணம் சுமந்தது. ஆதலால் அந்நட்டத்தை நோயாளியின் தலையில் ஏற்ற வேண்டிய தேவை எழவில்லை.

மருந்து செய்வோர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. புதிய மருந்தொன்றைக் கண்டறியப் பல்லாண்டு உழைப்பும் பெரும்பொருளும் வேண்டும். செலவிட்டவர்க்கு ஊதியம் இல்லையெனில் அடுத்த மருந்தை யார் தேடுவார் என்று அவர்கள் கேட்கின்றனர். அது தள்ளத்தக்க கேள்வியன்று. ஆனால் ஊதியத்துக்கு எல்லை வேண்டும். ஆங்கிலேயர் காலத்து 1911-ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை அளித்தது. அதன் விளைவாக, சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் விலை உலகிலேயே மிக உயர்ந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று என்று அமெரிக்க மேலவையின் கெஃபாவர் குழு சுட்டிக்காட்டியது. ஏழை நாட்டில் உயர்ந்த விலை!

இந்நிலையை மாற்ற வழி வகுத்தவர் ஒரு தமிழர். சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து, பின்னர் உச்சநீதிமன்றம் சென்ற என். இராஜகோபால ஐயங்கார், 1959-இல் காப்புரிமை பற்றிய தம் அறிக்கையை அரசுக்கு அளித்தார். அதன் அடிப்படையில் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் எழுந்து, 1972-இல் நடைமுறைக்கு வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, அதனைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்றது அச்சட்டம். ஒரே மருந்தை வேறு முறையில் செய்யப் பல தொழிற்சாலைகள் முன்வந்தன, விலை தாழ்ந்தது. உலக வாணிக ஒப்பந்தத்தின் காரணமாக 2005-இல் பொருளுக்கான காப்புரிமை மீண்டும் வந்தபோதும், பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதியதென்று உரிமை கேட்பதற்குத் தடை வைக்கப்பட்டது. இரத்தப் புற்றுநோய் மருந்தொன்றுக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006-இல் சென்னை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1-ஆம் நாள் உச்சநீதிமன்றமும் அம்மறுப்பே சரியென்று தீர்த்தது.

விலை தாழ்ந்தால் மட்டும் போதுமா? 1992-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மேற்கு வங்காளத்தில் ஒரு தொழிலாளி இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு மருத்துவமனைகள் பலவற்றுக்கு அவரைத் தூக்கிச் சென்றனர். ஓரிடத்தில் வசதியில்லை என்றனர், மற்றோரிடத்தில் படுக்கையில்லை என்றனர். இறுதியில் தனியார் மருத்துவமனையில் ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவிட்டு அவர் உயிர் பிழைத்தார். அவ்வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம், உரிய காலத்தில் சிகிச்சை அளிக்கத் தவறுதல் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று தீர்ப்பளித்தது. பணம் இல்லை என்பதைக் காரணமாகக் காட்டி அரசு இக்கடமையிலிருந்து விலக இயலாது என்றும் கூறிற்று.

தீர்ப்பு வந்தாலும் மருந்து தானே வந்துவிடாது. அதனை வாங்கிச் சேமித்து அனுப்ப ஆள் வேண்டும், கிடங்கு வேண்டும், கணக்கு வேண்டும். 1994-இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இதனைச் செய்து காட்டியது. மாநிலம் முழுமைக்கும் வேண்டிய மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, அரசு மருத்துவமனைகளின் வழியே நோயாளர்க்கு விலையின்றி வழங்கும் முறை அது. பின்னாளில் கேரளமும் அதனைப் போன்ற கழகம் ஒன்றை நிறுவிற்று. திருமுக்கூடல் கல்லில் எழுதிய மருந்துப் பட்டியலை, கோயில் மதிலுக்கு வெளியேயுள்ள எல்லார்க்கும் விரித்து எழுதியது போன்றது இப்பணி.

தாய்நாட்டுக்கு அப்பால் பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இங்கே ஒரு ஐயம் எழலாம். ஊரில் உள்ள உரிமை, களியக்காவிளையைக் கடந்தவுடன் நம்மை விட்டு நீங்கிவிடுமா? மாநிலக் காப்பீட்டுத் திட்டங்கள் குடும்ப அட்டையையும் இருப்பிடத்தையும் கேட்பவை. கூலி வேலைக்கு வந்தவனிடம் அவை இருப்பதில்லை. இக்குறையை உணர்ந்து கேரள அரசு 2017-இல் வெளிமாநிலத் தொழிலாளர்க்கென 'ஆவாஸ்' என்னும் காப்பீட்டைத் தொடங்கியது. 2018-இல் வந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம், அதில் சேர்ந்த மாநிலங்களில் எங்கும் செல்லத்தக்கதாக அமைக்கப்பட்டது. வழி திறந்திருக்கிறது, ஆயினும் நடந்து தீர்ந்த வழியன்று. நம்மிடம் எந்த அட்டை உண்டு, அது எங்கே செல்லும் என்பதை நோய் வருமுன்னரே கேட்டறிந்து வைத்தல் நம் கடமை. எழுதப் படிக்க அறியாத தோழனுக்கும் அதனைச் சொல்லி உதவுதல் அதனினும் பெரிய கடமை.

ஆகவே, மருந்து செய்தல் வாணிகமாக இருக்கலாம். செய்வோர்க்கு ஊதியமும் வேண்டும். ஆனால் நோயுற்றவன் வாயிலில் வந்து நிற்கும்போது, முதலில் கேட்க வேண்டிய வினா 'என்ன நோய்?' என்பதே. 'எவ்வளவு பணம்?' என்பதும், 'எந்த ஊர்?' என்பதும் அதற்குப் பின்னர் வரட்டும். விழிஞ்ஞத்துத் துறைமுகத்தில் இறங்கும் பண்டங்கள் அனைத்துக்கும் விலைச்சீட்டு ஒட்டலாம். அத்துறையில் கரையேறும் மனிதனின் மூச்சுக்கு அச்சீட்டை ஒட்டாதிருப்போமாக.