சரவாக்கின் தலையெழுத்தை மாற்றிய கல்

சுரங்கம் என்றதும் கிந்தா பள்ளத்தாக்கையும் வெள்ளீயத்தையும் சொல்லிவிடுகிறோம். ஆண்டிமனியைக் கேட்டால் பலர் திருதிருவென்று விழிக்கிறார்கள்.

இதன் தாதுதான் அஞ்சனக்கல். கந்தகத்தோடு கலந்து, சாம்பல் நிறத்தில் ஊசி ஊசியாக மின்னும். பழங்காலத்தில் இதைப் பொடித்துக் கண்ணுக்குத் தீட்டினார்கள். (நம் பாட்டிமார் விளக்குப் புகையில் பிடித்த மை வேறு, இது வேறு!) இது முழு உலோகமும் அல்ல, உலோகப்போலி. சுத்தியலால் தட்டினால் தகடாகாது, நொறுங்கிப்போகும். ஆனால் ஈயத்தோடு கொஞ்சம் சேர்த்தால் ஈயம் கெட்டிப்படும். அச்சு எழுத்து வார்க்க இந்தக் கலவைதான் வேண்டும். ஆறும்போது அதிகம் சுருங்காது, எழுத்தும் கூர்மையாக விழும். 1935-இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு' இப்படிப்பட்ட எழுத்துகளைக் கோத்துத்தான் அச்சானது.

1820-களில் சரவாக் ஆற்றின் மேற்பகுதியில், பாவ் வட்டாரத்தில் இந்தத் தாது அகப்பட்டது. சிங்கப்பூருக்குக் கப்பலேறியது. அப்போது சரவாக் புருணை சுல்தானுக்கு உட்பட்டது. பங்கிரான் இந்திரா மக்கோத்தா என்ற ஆளுநர் பிடாயு மக்களையும் மலாய்க்காரர்களையும் கட்டாயப்படுத்தித் தோண்ட வைத்தார். எத்தனை நாள்தான் பொறுப்பார்கள்? 1836-இல் டத்து பத்திங்கி அலி தலைமையில் எழுந்துவிட்டார்கள். ராஜா மூடா ஹாஷிம் நேரில் வந்தும் அடக்க முடியவில்லை.

1839 ஆகஸ்டில் 'ராயலிஸ்ட்' கப்பலில் வந்தார் ஜேம்ஸ் புரூக் என்ற ஆங்கிலேயர். அவர் தலையிட்டு 1840 கடைசியில் கலகம் ஓய்ந்தது. அடுத்த ஆண்டு சரக்கு கொண்டுவந்து ஹாஷிமிடம் கொடுத்தார். பதிலுக்கு ஆண்டிமனித் தாது தருவதாகப் பேச்சு. தாது வந்தபாடில்லை! புரூக் கப்பல் பீரங்கிகளைத் திருப்பிவைத்துப் பேசினார். 1841 செப்டம்பர் 24-இல் சரவாக்கின் ஆட்சி அவர் கைக்கு வந்தது.

1842-இல் அவர் வெளியிட்ட சட்டத்தைக் கவனியுங்கள். வாணிகம் எல்லோருக்கும் பொது. ஆண்டிமனி மட்டும் ஆளுநர் கையில். ஆனால் யாரையும் வற்புறுத்தித் தோண்டச் சொல்லக்கூடாது, நியாயமான விலை கொடுக்கவேண்டும். முன்பு என்ன நடந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? விலையை வைப்பவரும் வாங்குபவரும் ஒருவரே என்றால் அது எப்படிப்பட்ட நியாயம் என்று தோட்டத்துப் பெரியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. புரூக் குடும்பம் 1946 வரை ஆண்டது. தோண்டியவர்களின் பெயர்களைத் தேடினேன், பாடநூலில் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஈய எழுத்துகள் இப்போது அச்சகங்களைவிட்டுப் போய்விட்டன. ஆண்டிமனி போகவில்லை. லாரி பாட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகட்டில் இன்றும் சேர்க்கிறார்கள். அதற்காகப் பாட்டரியைத் திறந்து பார்த்துவிடாதீர்கள், பிள்ளைகளே. அமிலம் கையைப் பொசுக்கிவிடும்!