சிறு மோட்டார் சைக்கிளும் சாலைத் தகுதிச் சோதனையும்

சிறு மோட்டார் சைக்கிள் என்று இக்கட்டுரை குறிப்பிடுவது ஏறத்தாழ 50 சி.சி. முதல் 200 சி.சி. வரை எஞ்சின் கொள்ளளவு கொண்ட இருசக்கர வண்டிகளை. உழவர், பால்காரர், தபால்காரர், கட்டடத் தொழிலாளர், ஆசிரியர் என உழைத்துப் பிழைக்கும் மக்களின் வண்டி இது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐம்பது ஆண்டுகளில் இவ்வண்டியின் எஞ்சின் நம்பகத்தன்மை வியக்கத்தக்க அளவில் உயர்ந்தது. ஆனாலும் சாலைத் தகுதிச் சோதனைக்கு வரும் வண்டிகளில் கணிசமானவை இன்றும் திருப்பி அனுப்பப்படுகின்றன. எஞ்சின் கெடுவது குறைந்த பின்னும் வண்டிகள் சோதனையில் தோற்பது ஏன் என்பதை வரலாற்று வழியில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

போருக்குப் பிந்தைய சிறு வண்டி

போர் முடிந்தபின் ஐரோப்பாவில் மலிவான வண்டிக்குப் பெரும் தேவை எழுந்தது. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. நிறுவனம் உருவாக்கியிருந்த 125 சி.சி. வண்டியின் வடிவமைப்பு போர் இழப்பீடாக நேச நாடுகளின் கைக்கு வந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு பிரிட்டனின் பி.எஸ்.ஏ. நிறுவனம் 1948இல் பேன்டம் என்ற வண்டியை வெளியிட்டது. பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் தந்தி கொண்டுசெல்லும் இளைஞர்கள் சிவப்பு வண்ணப் பேன்டமில் சென்றார்கள். 1971 வரை இவ்வண்டியின் உற்பத்தி நடந்தது.

பேன்டம் இரண்டு வீச்சு எஞ்சின் கொண்டது. வால்வு கிடையாது, அசையும் உறுப்புகள் குறைவு, விலையும் குறைவு. ஆனால் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். அந்த எண்ணெய் முழுவதும் எரியாது. எரியாத பகுதி ஸ்பார்க் பிளக்கில் படிந்து வண்டியை நிறுத்திவிடும். சைலன்சருக்குள் கரியாகப் படிந்து புகை வெளியேறும் வழியை அடைக்கும். எனவே சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை எஞ்சின் தலையைத் திறந்து கரி சுரண்டுவது உரிமையாளரின் வாடிக்கையான வேலையாக இருந்தது. பேட்டரி இல்லாத மாதிரிகளில் எஞ்சினின் வேகத்தைப் பொறுத்தே முன்விளக்கு எரியும். வண்டி மெதுவானால் வெளிச்சமும் மங்கும்.

தமிழ்நாட்டில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. நின்றுபோன வண்டியின் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் மாட்டி உதைப்பதைப் பார்க்காத தெரு அன்று இல்லை.

சூப்பர் கப் கொண்டுவந்த மாற்றம்

1958 ஆகஸ்டில் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்ற 49 சி.சி. வண்டியை வெளியிட்டது. சோயிச்சிரோ ஹோண்டா பொறியியலையும் தக்கேயோ ஃபுஜிசாவா வணிகத்தையும் கவனித்தார்கள். நூடுல்ஸ் கொண்டுசெல்லும் கடைப்பையன் ஒரு கையால் ஓட்டத்தக்க வண்டி வேண்டும் என்பது ஃபுஜிசாவாவின் விருப்பம். அதற்காகவே கிளட்ச் பிடி இல்லாமல், தானே இணைந்து பிரியும் மையவிலக்குக் கிளட்ச் வைக்கப்பட்டது.

நம்பகத்தன்மை நோக்கில் இதன் சிறப்பு நான்கு வீச்சு எஞ்சின். எண்ணெய் தனியாக எஞ்சினின் அடியில் இருக்கும். பெட்ரோலோடு கலக்க வேண்டியதில்லை. பிளக் எளிதில் கரி பிடிக்காது. செயின் முழுவதும் மூடப்பட்டிருந்ததால் தூசியும் சேறும் அண்டவில்லை. 2017இல் இவ்வரிசை வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. உலகில் வேறு எந்த மோட்டார் வண்டியும் இந்த எண்ணிக்கையை எட்டியதில்லை.

இந்தியாவில்

1980இல் ஓசூரில் உருவான டி.வி.எஸ். 50 இருவர் செல்லத்தக்க மொபெட்டாகச் சிற்றூர்கள் வரை பரவியது. 1985இல் யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது. இவை இரண்டும் இரண்டு வீச்சு எஞ்சின் வண்டிகள். அதே 1985இல் ஹீரோ ஹோண்டா நிறுவனம் சி.டி. 100 என்ற நான்கு வீச்சு வண்டியை அறிமுகப்படுத்தியது. பெட்ரோலை நிரப்பு, மூடு, மறந்துவிடு என்னும் பொருள்பட அமைந்த அதன் விளம்பரம் நாடெங்கும் பேசப்பட்டது.

அந்த விளம்பரம் எரிபொருள் சிக்கனத்தைப் பற்றியது. எஞ்சினைப் பொறுத்தவரை அதில் உண்மை இருந்தது. ஆனால் மக்கள் எஞ்சினோடு சேர்த்து வண்டி முழுவதையும் மறக்கத் தொடங்கினார்கள். பழைய இரண்டு வீச்சு வண்டி மாதத்துக்கு ஒருமுறையேனும் நின்றுபோய் உரிமையாளரை மெக்கானிக்கிடம் அனுப்பியது. போன இடத்தில் பிரேக்கும் செயினும் காற்றும் சேர்த்துப் பார்க்கப்பட்டன. நிற்காமல் ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போயிற்று.

சோதனை பிறந்த கதை

பிரிட்டனில் பழைய வண்டிகளால் நேரும் விபத்துகளைக் குறைக்க, எர்னஸ்ட் மார்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது 1960இல் வாகனச் சோதனை அறிமுகமானது. எம்.ஓ.டி. சோதனை என்று அழைக்கப்படும் இது, தொடக்கத்தில் பத்து ஆண்டு கடந்த வண்டிகளுக்கு மட்டுமே உரியது. பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகிய மூன்று மட்டுமே பார்க்கப்பட்டன. தோற்ற வண்டிகள் ஏராளமாக இருந்ததால், 1961 முடிவதற்குள் பத்து ஆண்டு என்பது ஏழு ஆண்டாகக் குறைந்தது. 1967இல் மூன்று ஆண்டாயிற்று. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் சோதனை உண்டு. 1968இல் டயரும், 1977இல் இண்டிகேட்டர், பிரேக் விளக்கு, ஹார்ன், சைலன்சர் முதலியவையும் பட்டியலில் சேர்ந்தன.

இச்சோதனையில் 200 சி.சி. வரையிலான மோட்டார் சைக்கிள்கள் முதல் வகுப்பாகத் தனியே வகைப்படுத்தப்பட்டுள்ளன. மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எஞ்சின், கிளட்ச், கியர்ப் பெட்டி ஆகியவற்றின் நிலை இச்சோதனையில் பார்க்கப்படுவதே இல்லை. வண்டி நன்றாக ஓடுகிறதா என்பது உரிமையாளரின் கவலை. அது பிறருக்குத் தீங்கு செய்யாமல் ஓடுமா என்பதே அரசின் கவலை. ஓடுவது வேறு, ஓடத் தகுவது வேறு.

இந்தியாவில் மோட்டார் வாகனங்களுக்கான முதல் சட்டம் 1914இல் வந்தது. அதன்பின் 1939ஆம் ஆண்டுச் சட்டமும், இப்போது நடைமுறையில் உள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. இச்சட்டப்படி சொந்த உபயோக இருசக்கர வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஆய்வில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். பேச்சு வழக்கில் இதை ‘எஃப்.சி. காட்டுவது’ என்பார்கள். இதற்கிடையே புகைச் சோதனைச் சான்று மட்டும் குறிப்பிட்ட கால இடைவெளியில் பெற வேண்டும்.

சோதனையில் தவறும் இடங்கள்

*விளக்குகள்:* பிரிட்டனில் மோட்டார் சைக்கிள்கள் தோற்பதற்கான காரணங்களில் முதலிடம் விளக்கு, சைகைத் தொகுதிக்கே. பல்பு எரியாதது, முன்விளக்கின் ஒளி மேல்நோக்கிப் போவது, பிரேக் விளக்கின் சுவிட்ச் வேலை செய்யாதது ஆகியவை வழக்கமான குறைகள். முன்பிரேக்குக்கு ஒன்று, பின்பிரேக்குக்கு ஒன்று என இரண்டு சுவிட்சுகள் உண்டு. ஒன்று செத்தாலும் மற்றதால் விளக்கு எரிவதால் உரிமையாளருக்குத் தெரிவதில்லை. சிறு வண்டியின் அதிர்வில் பல்பின் இழை அறுவதும், மழை நீரால் இணைப்புகளில் துரு ஏறுவதும் இயல்பு.

*பிரேக்:* சிறு வண்டிகளில் பெரும்பாலும் டிரம் பிரேக். பிரேக்கை மிதிக்கும்போது ஒரு நெம்புகோல் உள்ளேயிருக்கும் கேமைத் திருப்பி, இரண்டு ஷூக்களையும் டிரம்மின் உட்சுவரில் அழுத்துகிறது. ஷூ தேயத் தேய நெம்புகோல் அதிகம் திரும்ப வேண்டியிருக்கும். அதை ஈடுகட்ட நட்டை முறுக்கிக்கொண்டே போகிறோம். நெம்புகோலுக்கும் கம்பிக்கும் இடையிலான கோணம் 90 பாகையைத் தாண்டியபின் அழுத்தும் விசை குறைந்துவிடும். நட்டு கடைசி வரை வந்துவிட்டது என்றால் ஷூவை மாற்றும் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

*டயர்:* இந்திய விதிப்படி இருசக்கர வண்டி டயரின் பள்ளம் 0.8 மி.மீ.க்குக் குறையக்கூடாது. பிரிட்டனில் 50 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு, டயர் அகலத்தின் முக்கால் பங்கில் 1 மி.மீ. பள்ளம் வேண்டும். பள்ளத்தின் வேலை மழை நீரை வெளியேற்றுவது. வறண்ட சாலையில் மொட்டை டயரும் பிடிக்கும். நனைந்த சாலையில் அது நீரின் மேல் வழுக்கும். குறைவாக ஓடிய பழைய வண்டியில் பள்ளம் இருந்தும் பக்கச் சுவர் வெடித்திருக்கும். அதுவும் தகுதிக்குறைவே.

*ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும்:* முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பிப் பார்ப்பார்கள். வண்டி பெரும்பாலும் நேராகவே செல்வதால், பேரிங் பந்துகள் ஒரே இடத்தில் குழி பதித்துவிடும். அப்போது ஹேண்டில் நடுவில் வந்து ‘பிடித்து’ நிற்கும். ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவும், பின்சக்கரத்தைத் தாங்கும் கையின் புஷ் தேய்ந்து ஆடுவதும் இவ்வகையில் அடங்கும்.

*செயின்:* பெரும்பாலான சிறு வண்டிகளில் செயின் நடுவில் ஏறத்தாழ 20 முதல் 30 மி.மீ. வரை மேலும் கீழும் அசையலாம். அதற்கு மேல் தொங்கினால் பல்சக்கரத்திலிருந்து கழன்று பின்சக்கரத்தைப் பூட்டிவிடும் அபாயம் உண்டு.

*புகை:* எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கப்படுகின்றன. 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 4.5 சதவீதம். அதற்குப் பிந்தையவற்றுக்கு அது 3.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கார்புரேட்டர் வண்டிகளில் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்தாலே பல நேரங்களில் அளவு இறங்கிவிடும்.

மூன்று நாடுகள், மூன்று வழிகள்

பிரிட்டனில் 50 சி.சி. வண்டியும் மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் சோதனைக்கு வர வேண்டும். சூப்பர் கப் பிறந்த ஜப்பானிலோ 250 சி.சி. வரையிலான மோட்டார் சைக்கிள்களுக்குக் கட்டாயச் சோதனையே கிடையாது. பெரிய வண்டிகளுக்கு மட்டுமே உண்டு. இந்தியாவில் முதல் சோதனை 15 ஆண்டுக்குப் பிறகு.

இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். இம்மரணங்கள் எல்லாம் வண்டியின் குறையால் நேர்ந்தவை அல்ல. வேகமும் தலைக்கவசம் அணியாமையும் பெரும் காரணங்கள். ஆயினும் எரியாத பின்விளக்கும் மொட்டை டயரும் ஓட்டுநரின் சிறு தவற்றைப் பெரும் விபத்தாக்க வல்லவை.

வண்டியைத் தயாரிக்கும்போதே பாதுகாப்பைச் சேர்ப்பது இந்தியா எடுத்துள்ள ஒரு வழி. 2017 ஏப்ரல் முதல், எஞ்சின் ஓடும்போது முன்விளக்கும் தானே எரியும் அமைப்பு புதிய வண்டிகளில் கட்டாயமானது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரை இரு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பும், அதற்கு மேல் சக்கரம் பூட்டாத ஏ.பி.எஸ். அமைப்பும் கட்டாயமாயின. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் தேய்ந்த ஷூவை எந்த அமைப்பும் புதுப்பித்துத் தராது.

ஆண்டுதோறும் எல்லா இருசக்கர வண்டியையும் சோதிப்பதென்றால், நாள் கூலிக்குச் செல்பவர் ஒரு நாள் வேலையையும் கட்டணத்தையும் இழக்க நேரிடும் என்ற வாதம் நியாயமானது. அதேநேரம் 15 ஆண்டு என்பது மிக நீண்ட இடைவெளி. அத்தனை காலத்தில் வண்டி இரண்டு மூன்று கை மாறியிருக்கும்.

சட்டம் எப்படி இருந்தாலும், மேலே சொன்ன குறைகளில் பெரும்பாலானவற்றை வீட்டு வாசலில் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். இரண்டு பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பின்விளக்கைச் சுவரில் பார்ப்பது, டயரின் பள்ளத்தைக் கையால் தடவுவது, செயினை விரலால் தூக்குவது, பிரேக் நட்டில் எத்தனை மரை மீதமுள்ளது என்று பார்ப்பது ஆகியவற்றுக்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். மாற்ற வேண்டியிருப்பது பல்பு, ஷூ, கேபிள் போன்ற மலிவான பொருள்களே. எஞ்சின் நம்மைக் கேட்காமல் ஓடும் காலத்தில், மற்ற உறுப்புகளை நாமாகவே நினைவு வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.