திரைக்கு அந்தப் பக்கம்

நடுவர் அவர்களே! "குடும்பத்தைக் கெடுப்பது சண்டைதான்" என்று எதிரணித் தலைவர் மேசையைத் தட்டித் தட்டிப் பேசிவிட்டு உட்கார்ந்தார். அவர் பேசிய வேகத்தைப் பார்த்தால், வீட்டில் அவருக்கு வாய் திறக்க வாய்ப்பே கிடைப்பதில்லை போலிருக்கிறது! (சிரிப்பு)

இல்லறத்தைக் கெடுப்பது சண்டை அல்ல, பேசாமைதான் என்பது எங்கள் கட்சி. அதற்குச் சாட்சி தேடி நான் எங்கேயும் போகவேண்டாம். இதோ ராஜகிரி நிற்கிறது. செஞ்சியில் மேடை போட்டுவிட்டுத் தேசிங்கைப் பேசாமல் போனால், இந்த ஊர்க்காரங்க என்னைத் திண்டிவனம் பஸ் ஏற விடுவாங்களா?

1698-இல் ஔரங்கசீப்பின் படை இந்தக் கோட்டையைப் பிடித்தது. பிறகு சொரூப்சிங் என்ற புந்தேலா ராஜபுத்திரரிடம் கோட்டை வந்தது. அவர் மகன் தேஜ்சிங். நம்ம வாயிலே தேசிங்கு. அப்பா வைத்துவிட்டுப் போன பாக்கி எழுபது லட்சம் என்று ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் கேட்கிறார். பையன் முடியாது என்கிறான். 1714 அக்டோபர் 3. இவன் பக்கம் 350 குதிரை. அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில். செத்தபோது வயசு இருபத்திரண்டு! கூடவே விழுந்தவர் நண்பர் மகபத்கான். மதச் சண்டை என்று யாராவது சொன்னால், அந்த ஒரு பெயரைச் சொல்லுங்கள், போதும்.

நண்பனுக்காகக் கல்யாணத்தையே பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தவர் மகபத்கான் என்கிறது கதைப்பாடல். கேட்டதும் நாம கைதட்டுறோம். மணப்பந்தலில் உட்கார்ந்திருந்த அந்தப் பொண்ணு என்ன நினைச்சா? ஒருத்தரும் கேட்கலையே ஐயா!

தேசிங்கு மனைவியிடம் விடைபெறும் இடம் இன்னும் மோசம். நடுவில் திரை. இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். போகாதே என்று சட்டையைப் பிடித்து இழுக்க முடியாது. கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்ப முடியாது. திருப்பினாலும் பார்க்க ஆள் வேண்டுமே! நான் வெளியூர்ப் பேச்சுக்குக் கிளம்பினால் எங்க வீட்டம்மா வாசல்வரை வந்து சண்டை பிடிப்பார். அந்தப் பாக்கியம் இந்த ராணிக்கு இல்லை. அவள் கணவனோடு சேர்ந்தது செட்டிகுளத்தங்கரைச் சிதையில். அதைப் பெருமை என்று நான் சொல்லமாட்டேன். சென்னை மாகாணத்தில் உடன்கட்டையைச் சட்டம் போட்டுத் தடுக்க 1830 ஆயிற்று. இவளுக்கு நூற்றுப்பதினாறு வருஷம் பிந்தி!

ஜெயித்த நவாப்பே மனம் கலங்கி, பாலாற்றங்கரையில் அவள் நினைவாக ஓர் ஊர் அமைத்தார் என்பார்கள். ராணிப்பேட்டை. 2019-இல் அது மாவட்டமாகவும் ஆகிவிட்டது. கதைப்பாடல் அவளை ராணிபாய் என்கிறது. நடுவர் அவர்களே, ராணிக்கு ராணி என்று சொன்னால் அது பெயரா, பதவியா? அவளை அவள் அம்மா என்ன சொல்லிக் கூப்பிட்டாள்? (கைதட்டல்)