குவாதலூப்பேயில் காண வேண்டிய இடங்கள்

குவாதலூப்பே என்பது கரிபியக் கடலின் கிழக்கு விளிம்பில், சிறிய அண்டிலிசுத் தீவுத் தொடரில் அமைந்துள்ள ஒரு தீவுக்கூட்டம் ஆகும். இது பிரான்சின் கடல்கடந்த மாவட்டங்களுள் ஒன்று. எரிமலை, மழைக்காடு, அருவிகள், பவளப் பாறைகள், வெண்மணற் கடற்கரைகள் ஆகியவற்றுக்காக உலகெங்கிலுமிருந்து சுற்றுலாப் பயணிகள் இங்கு வருகின்றனர். 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தமிழகத்திலிருந்து பெருந்தொகையான மக்கள் இங்கு கொண்டு வரப்பட்டனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் இங்கு வாழ்கின்றனர். எனவே தமிழ் வாசகர்களுக்கு இது கடற்கரைகளைக் கொண்ட விடுமுறைத் தீவாக மட்டுமின்றி, தமிழர் புலம்பெயர்வு வரலாற்றின் ஒரு பகுதியாகவும் விளங்குகிறது.

பெயரும் வரலாறும்

இத்தீவின் பழங்குடிகளான கரிப் மக்கள் இதனைக் 'கருக்கேரா' என்று அழைத்தனர். இதற்கு 'அழகிய நீர்நிலைகளின் தீவு' என்று பொருள் கூறப்படுகிறது. 1493 நவம்பரில் தமது இரண்டாவது பயணத்தின்போது இங்கு வந்த கொலம்பசு, எசுப்பானியாவில் உள்ள குவாதலூப்பே அன்னை திருத்தலத்தின் பெயரை இதற்குச் சூட்டினார். 1635-இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கு குடியேறினர். அதன்பின் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள் கொண்டு வரப்பட்டு, அவர்களின் உழைப்பில் கரும்புத் தோட்டங்கள் வளர்ந்தன. பிரெஞ்சுப் புரட்சியின் விளைவாக 1794-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஆயினும் நெப்போலியன் காலத்தில் 1802-இல் அது மீண்டும் கொண்டு வரப்பட்டது. இறுதியாக 1848-இல் நிரந்தரமாக நீக்கப்பட்டது. 1946-இல் குவாதலூப்பே பிரான்சின் மாவட்டமாக ஆக்கப்பட்டது.

புவியியல்

தீவுக்கூட்டத்தின் மொத்தப் பரப்பளவு ஏறத்தாழ 1,628 சதுர கிலோமீட்டர். இது தமிழ்நாட்டின் தர்மபுரி மாவட்டப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். பாஸ்-டேர், கிராண்ட்-டேர் என்னும் இரு பெரிய தீவுகள் 'உப்பாறு' என்று பொருள்படும் பெயருடைய ஒரு குறுகிய கடற்காலால் பிரிக்கப்பட்டு, பாலங்களால் இணைக்கப்பட்டுள்ளன. வரைபடத்தில் இவை விரித்த சிறகுகளையுடைய ஒரு வண்ணத்துப்பூச்சியைப் போலத் தோன்றும்.

பாஸ்-டேர் என்றால் தாழ்நிலம், கிராண்ட்-டேர் என்றால் பெருநிலம் என்று பொருள். ஆனால் உண்மை நிலை இதற்கு நேர்மாறானது. 'தாழ்நிலம்' எரிமலையும் மழைக்காடும் கொண்ட உயர்ந்த மலைத்தீவு. அதுவே பரப்பில் பெரியதும் ஆகும். 'பெருநிலம்' சுண்ணாம்புக் கல்லாலான, பெரும்பாலும் சமதளமான, சிறிய தீவு. இவை தவிர மாரி-கலான்ட், லா தெசிராத், லே சேன்த் ஆகிய சிறு தீவுகளும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவை.

தமிழர் வருகை

1848-இல் விடுதலை பெற்ற அடிமைகளுள் பலர் தோட்டங்களை விட்டு நீங்கினர். தோட்ட முதலாளிகள் மாற்றாக இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தனர். முதற் கப்பலான 'ஒரேலி' 1854 டிசம்பர் 24 அன்று புவான்ட்-எ-பீட்டர் துறைமுகத்தை அடைந்தது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் இவ்வாறு கொண்டு வரப்பட்டனர். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து வந்தவர்களுள் தமிழரே மிகுதி. பிற்காலத்தில் கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் வந்தன.

ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டுகள். அது முடிந்ததும் தாயகம் திரும்பும் உரிமை எழுத்தில் இருந்தது. எனினும் நோயாலும் கடும் உழைப்பாலும் பலர் மாண்டனர். நான்கில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்களே திரும்பினர். தங்கிவிட்டவர்களின் குழந்தைகள் பிரெஞ்சு மண்ணில் பிறந்தும் நெடுங்காலம் குடியுரிமை இன்றி வாழ்ந்தனர். கபெஸ்டேர் ஊரைச் சேர்ந்த ஆன்றி சிதம்பரம் (1863–1952) இந்திய வம்சாவளியினரின் வாக்குரிமைக்காக 1904-இல் தொடங்கிய சட்டப் போராட்டம் 1923-இல் வெற்றி பெற்றது. இதனால் அவர் அச்சமூகத்தின் தந்தையாகப் போற்றப்படுகிறார்.

இன்று இவர்களுடைய பேச்சு மொழிகள் பிரெஞ்சும் கிரியோலும் ஆகும். தமிழ் வீட்டு மொழியாக நிலைக்கவில்லை. ஆயினும் ராமசாமி, வீரப்பன், நாகப்பன் போன்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் திரிந்து குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன. ஒரு கடைப் பலகையிலோ கல்லறையிலோ இத்தகைய பெயரைக் காணும் தமிழ்ப் பயணி அதனை வாய்விட்டுப் படித்தால் மட்டுமே அடையாளம் காண முடியும்.

பாஸ்-டேர் தீவில் உள்ள இடங்கள்

லா சூஃப்ரியேர்: 1,467 மீட்டர் உயரமுள்ள இவ்வெரிமலை சிறிய அண்டிலிசுத் தீவுகளிலேயே மிக உயரமான சிகரம் ஆகும். உயரத்தில் இது ஏற்காட்டை ஒத்தது. 1976-இல் இது சீறத் தொடங்கியபோது 70,000-க்கும் மேற்பட்ட மக்கள் பல மாதங்கள் வெளியேற்றப்பட்டனர். எதிர்பார்த்த பெருவெடிப்பு நிகழவில்லை. அந்த வெளியேற்றம் தேவைதானா என்பது குறித்து அறிவியலாளர்களிடையே எழுந்த கடும் விவாதம் எரிமலையியல் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. 'மஞ்சள் குளியல்' எனப்படும் வெந்நீர்த் தொட்டி அருகிலிருந்து மலையேற்றப் பாதை தொடங்குகிறது. உச்சியில் நச்சு வளிகள் வெளிப்படுவதால் சில பகுதிகளுக்குச் செல்ல அனுமதி இல்லை.

கார்பே அருவிகள்: எரிமலையின் கிழக்குச் சரிவில் மூன்று அருவிகள் உள்ளன. முதலாவது 115 மீட்டர், இரண்டாவது 110 மீட்டர், மூன்றாவது 20 மீட்டர் உயரம் உடையவை. இரண்டாம் அருவியைக் காணும் மேடையைக் குறுகிய காட்டு நடையில் அடையலாம். எனவே இங்குதான் பயணிகள் மிகுதி. 2004-இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் பாறைகள் சரிந்ததன்பின் அருவியின் அடிவாரம் வரை செல்வது கட்டுப்படுத்தப்பட்டது. ஒகேனக்கல்லில் போல அருவியில் குளிக்கலாம் என்று எண்ணிச் செல்வோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

குவாதலூப்பே தேசியப் பூங்கா: 1989-இல் நிறுவப்பட்டது. தீவின் நடுவே மலைக்காட்டை ஊடறுத்துச் செல்லும் சாலையில் 'இறால் அருவி' எனப்படும் சிறிய அருவி உள்ளது. முதியோரும் குழந்தைகளும் எளிதில் சென்று காணக்கூடிய இடம் இது.

சாங்கி கோயில்: கபெஸ்டேர்-பெல்-ஓ நகருக்கு அருகில் நெடுஞ்சாலையோரம் அமைந்துள்ள இந்துக் கோயில் ஆகும். வண்ணச் சிலைகளுடன் கூடிய இதன் தோற்றம் தமிழகக் கோயில்களை நினைவூட்டுவது. குவாதலூப்பேயில் முதன்மைத் தெய்வம் மாரியம்மன். கிரியோல் நாவில் அவள் பெயர் 'மாலியெமேன்' என்று மருவியுள்ளது. மதுரை வீரன் வழிபாடும், நாகூர் ஆண்டவரை நினைந்து செய்யப்படும் வழிபாடும் உண்டு. விழாக்களில் தப்பும் மத்தளமும் முழங்க, ஆடும் சேவலும் பலியிடப்படுகின்றன. பூசாரிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த தமிழ்ப் பாடல்களைப் பாடுகின்றனர். பாடுவோருள் பலருக்குச் சொற்களின் பொருள் தெரியாது. ஆயினும் ஒலி மாறாதிருக்க முயல்கின்றனர். கூத்து மரபிலிருந்து வந்த 'நாத்ரோன்' எனப்படும் ஆட்டமும் இங்கு அறியப்படுகிறது. இப்பெயர் 'நாடகம்' என்பதன் திரிபு ஆகும். கோயிலுக்குள் செல்வோர் தமிழகத்தில் போலவே காலணிகளைக் கழற்ற வேண்டும்.

துமனுவார் சாலை: அதே கபெஸ்டேர் நகரில், இருமருங்கும் உயர்ந்த அரசபனை மரங்கள் வரிசையாக நிற்க, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் சாலை. தோட்ட முதலாளிகளின் செல்வச் செழிப்புக்கு இது சான்று. சாங்கி கோயிலையும் இச்சாலையையும் ஒரே நாளில் காண்பவர், அச்செழிப்பையும் அதற்கு உழைத்தவர்கள் கட்டிக்கொண்ட வழிபாட்டிடத்தையும் அருகருகே காண்கிறார்.

தெல்கிரே கோட்டை: பாஸ்-டேர் நகரில் 17-ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட கோட்டை. 1802-இல் அடிமை முறை திரும்புவதை எதிர்த்துப் போரிட்ட படை அதிகாரி லூயி தெல்கிரேயின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டுள்ளது. அவரும் அவருடன் இருந்தோரும் 1802 மே 28 அன்று மத்தூபா மலையில் வெடிமருந்துக்குத் தீயிட்டுத் தம்மை மாய்த்துக்கொண்டனர்.

பிற இடங்கள்: மலாந்தூர் கடற்கரைக்கு எதிரேயுள்ள 'புறாத் தீவுகள்' பவளப் பாறைகளையும் கடலாமைகளையும் காண ஏற்றவை. கடலாய்வாளர் கூஸ்தோவின் பெயரால் இப்பகுதி பரவலாக அறியப்படுகிறது. தெஷே ஊரில் நீண்ட மணற்கரையும் தாவரவியல் பூங்காவும் உள்ளன. துருவா-ரிவியேர் ஊரில் கொலம்பசுக்கு முற்பட்ட மக்கள் செதுக்கிய பாறை ஓவியங்கள் உள்ளன.

கிராண்ட்-டேர் தீவில் உள்ள இடங்கள்

புவான்ட்-எ-பீட்டர்: தீவின் வணிக மையம். துறைமுகத்தையொட்டிய வெற்றிச் சதுக்கமும், வாசனைப் பொருட்கள் விற்கும் பழைய சந்தையும் காணத்தக்கவை. ஒப்பந்தக் கூலிகள் முதன்முதலாகக் கரையிறங்கியதன் 150-ஆம் ஆண்டையொட்டித் துறைமுகப் பகுதியில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டுள்ளது.

அடிமை வரலாற்று நினைவகம்: மூடப்பட்ட தார்புசியே சர்க்கரை ஆலை இருந்த இடத்தில், வேர்கள் பின்னியது போன்ற வெள்ளி நிற முகப்புடன் எழுப்பப்பட்ட பெரிய அருங்காட்சியகம் ஆகும். 2015-இல் திறக்கப்பட்டது. அடிமை வணிகத்தின் வரலாறு இங்கு விரிவாகக் காட்சிப்படுத்தப்பட்டுள்ளது. அதன் தொடர்ச்சியாக வந்த ஒப்பந்தக் கூலி முறையைப் புரிந்துகொள்ள முதலில் இங்கு செல்வது நல்லது.

மோர்ன்-ஆ-லோ கல்லறைத் தோட்டம்: கறுப்பும் வெள்ளையுமான சதுரங்கப் பலகை போன்ற ஓடுகள் பதித்த கல்லறைகள் குன்றின் சரிவில் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அனைத்துப் புனிதர் திருநாளன்று இரவில் ஆயிரக்கணக்கான மெழுகுவர்த்திகள் ஏற்றப்படுகின்றன.

செயின்ட்-பிரான்சுவா: கிழக்குக் கரையில் உள்ள இவ்வூரில் இந்திய வம்சாவளியினர் கணிசமாக வாழ்கின்றனர். எழுத்தாளரும் அரசியல்வாதியுமான எர்னஸ்டு முத்துசாமி 1989 முதல் 2008 வரை இந்நகரின் மேயராக இருந்தார். பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். தாத்தா தலைமுறையில் வாக்குரிமை கூட இல்லாத ஒரு சமூகத்திலிருந்து அவர் நாடாளுமன்றம் சென்றது குறிப்பிடத்தக்கது.

கோட்டை முனை: தீவின் கிழக்குக் கோடி. அலைகள் அரித்த பாறைகள் கோட்டைகளைப் போல் நிற்பதால் இப்பெயர் பெற்றது. குன்றின் உச்சியிலுள்ள சிலுவை வரை ஏறினால் லா தெசிராத் தீவு தெரியும். இங்கு கடல் நீரோட்டம் வலிமையானது, குளிப்பது ஆபத்து. குளிப்பதற்கு ஏற்றவை செயின்ட்-ஆன், கோசியே ஆகிய ஊர்களின் அமைதியான கடற்கரைகள் ஆகும்.

சிறு தீவுகள்

மாரி-கலான்ட் தீவில் கரும்பு வேளாண்மை இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. மூன்று ரம் வடிப்பாலைகள் இயங்குகின்றன. பழைய தோட்ட மாளிகையான முய்ரா அருங்காட்சியகமாக உள்ளது. லே சேன்த் தீவுகளின் விரிகுடா மிக அழகியது. அதன் மேலே நெப்போலியன் கோட்டை நிற்கிறது. 1782-இல் பிரித்தானிய, பிரெஞ்சுக் கடற்படைகளுக்கிடையே பெரும் போர் நிகழ்ந்ததும் இத்தீவுகளுக்கு அருகில்தான். லா தெசிராத் நெடுங்காலம் தொழுநோயாளிகளை ஒதுக்கி வைக்கும் தீவாக இருந்தது. இன்று அமைதியை நாடுவோர் அங்கு செல்கின்றனர்.

உணவும் உடையும்

'கொலம்போ' என்பது குவாதலூப்பேயின் முதன்மை உணவுகளுள் ஒன்று. மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம் முதலியவை கலந்த பொடியுடன் ஆட்டிறைச்சியோ கோழியோ சேர்த்துச் சமைக்கப்படுகிறது. இப்பெயர் இலங்கையின் கொழும்பு நகரிலிருந்து வந்தது என்பர் சிலர். 'குழம்பு' என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபே என்பர் வேறு சிலர். சந்தையில் 'பரோக்கா' என்ற பெயரில் விற்கப்படும் காய் பாகற்காய் ஆகும். பெண்களின் மரபுவழித் தலைத்துணியும் பாவாடையும் 'மதராஸ்' எனப்படும் கட்டம்போட்ட துணியால் ஆனவை. சென்னையின் பழைய பெயரைத் தாங்கிய இத்துணி இன்று அனைத்துக் குவாதலூப்பே மக்களின் விழா உடையாக விளங்குகிறது.

பயணக் குறிப்புகள்

* டிசம்பர் முதல் மே வரையிலான வறண்ட பருவம் பயணத்துக்கு ஏற்றது. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். 1989-இல் வீசிய ஊகோ சூறாவளி தீவைப் பெரிதும் அழித்தது.
* நாணயம் யூரோ. ஆட்சி மொழி பிரெஞ்சு. ஆங்கிலம் குறைவாகவே பேசப்படுகிறது.
* குவாதலூப்பே பிரான்சின் பகுதியாயினும் செஞ்சன் வலயத்தில் சேராது. எனவே செஞ்சன் நுழைவிசைவு மட்டும் போதாது. இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் கடல்கடந்த பகுதிகளுக்கும் செல்லுபடியாகும் நுழைவிசைவு பெற வேண்டும்.
* பாரிசிலிருந்து நேரடி வானூர்திகள் உள்ளன. பயண நேரம் ஏறத்தாழ எட்டரை மணி. சிறு தீவுகளுக்குப் படகில் செல்லலாம்.
* பேருந்து வசதி குறைவு. பெரும்பாலோர் வாடகை மகிழுந்தைப் பயன்படுத்துகின்றனர். வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்லும்.
* வாழைத் தோட்டங்களில் 1993 வரை பயன்படுத்தப்பட்ட குளோர்டிக்கோன் என்னும் பூச்சிக்கொல்லி மண்ணிலும் ஆறுகளிலும் கடலோர நீரிலும் தங்கியுள்ளது. சில பகுதிகளில் மீன்பிடிக்கத் தடை உள்ளது. இனந்தெரியாத ஊற்று நீரைக் குடிப்பதைத் தவிர்க்கவும்.
* பூசையைக் காண விரும்புவோர் கோயிலைச் சேர்ந்தவர்களிடம் முன்னரே அனுமதி கேட்டல் நன்று. அனுமதியின்றிப் படம் எடுக்கக் கூடாது.

இவற்றையும் பார்க்க

* மர்தினிக்கில் தமிழர்
* ரீயூனியன் தமிழர்
* ஒப்பந்தக் கூலி முறை
* மாரியம்மன் வழிபாடு