வைரஸ் மூளையுறை அழற்சி: ஆய்வகக் கண்டறிதலின் வரலாறு

மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்திய சவ்வுகளில் வைரஸால் உண்டாகும் அழற்சி இது. காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு ஆகியவற்றைக் கொண்டு எந்த வைரஸ் என்று சொல்ல இயலாது. ஜெர்மனியின் கீல் நகரில் ஹைன்ரிக் குவின்க்கே 1891-இல் கீழ்முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீர் எடுக்கும் முறையை வகுத்த பிறகே இந்நோய் ஆய்வகத்துக்கு வந்தது. நீரில் வெள்ளணுக்கள் மிகுந்தும் பாக்டீரியா வளராத நோயாளிகளை, சுவீடன் குழந்தை மருத்துவர் ஆர்விட் வால்கிரென் 1925-இல் தனி வகையாகப் பிரித்தார். காரணி அப்போது தெரியவில்லை.

அடுத்த அரை நூற்றாண்டில், ஆய்வகத்தில் ஏதேனும் ஒரு விலங்கிலோ திசுவிலோ வளர்ந்த வைரஸ் மட்டுமே அகப்பட்டது. 1933-இல் செயின்ட் லூயிஸில் பரவிய மூளைக்காய்ச்சலை ஆராய்ந்த சார்லஸ் ஆம்ஸ்ட்ராங், குரங்குகளில் எதிர்பாராத வேறொரு வைரஸைக் கண்டார். ராக்பெல்லர் நிறுவனத்தின் தாமஸ் ரிவர்ஸும் ஸ்காட்டும் 1935-இல் அதையே நோயாளிகளின் தண்டுவட நீரிலிருந்து பிரித்தெடுத்தனர். எலிகள் வழியே பரவும் எல்.சி.எம். வைரஸ் அது. 1948-இல் கில்பர்ட் டால்டார்ஃபும் கிரேஸ் சிக்கில்ஸும் பிறந்த சில நாள்களேயான சுண்டெலிக் குட்டிகளைப் பயன்படுத்தியதால் காக்ஸாக்கி வைரஸ் சிக்கியது. வளர்ந்த எலிகளில் அது தப்பியிருக்கும். மறு ஆண்டு எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் மூவரும் போலியோ வைரஸை நரம்பல்லாத திசு வளர்ப்பில் வளர்த்துக் காட்டினர். அந்த வழியில் எக்கோ வைரஸ்கள் வரிசையாக வெளிப்பட்டன. காக்ஸாக்கி, எக்கோ உள்ளிட்ட குடல்வழி வைரஸ்களே இந்நோய்க்கு மிகப் பொதுவான காரணம் என்பது இவ்வாறு நிலைபெற்றது. ஆனால் வளர்ப்புக்குப் பல நாள்கள் தேவை. முடிவு வருமுன் நோயாளி பெரும்பாலும் தேறி வீடு போயிருப்பார். மலத்தில் வைரஸ் கிடைப்பதும் உறுதியான சான்றாகாது. நலமான குழந்தைகளிடமும் அது வாரக்கணக்கில் வெளியேறும்.

வளர்க்காமலே மரபுப்பொருளைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனை 1990 வாக்கில் இதற்குப் பயன்படத் தொடங்கியது. குடல்வழி வைரஸ்களின் மரபணுத் தொடரில் ஒரு பகுதி ஏறக்குறைய எல்லா வகைகளிலும் மாறாதிருப்பதால், ஒரே சோதனை பலவற்றையும் பிடித்தது. பிரெஞ்சு மருத்துவர் மொல்லாரே 1944-இல் விவரித்த, மீண்டும் மீண்டும் வரும் அழற்சிக்குப் பெரும்பாலும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ்-2 காரணம் என்பதும் 1990-களில் இச்சோதனையால் தெளிந்தது.

அமெரிக்காவில் 2015-இல் அனுமதி பெற்ற கூட்டுச் சோதனை ஒன்று 7 வைரஸ்கள் உட்பட 14 நோய்க்கிருமிகளைச் சுமார் ஒரு மணி நேரத்தில் தேடுகிறது. பட்டியலில் இல்லாததை அது காணாது. பொன்னுக்கு வீங்கி வைரஸ் அதில் இல்லை, எல்.சி.எம். வைரஸும் இல்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸோ, நோயாளி மருத்துவமனை வரும்போது தண்டுவட நீரில் அரிதாகவே எஞ்சியிருக்கும் என்பதால், அதற்கு இன்றும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் சோதனையே முதன்மையானது.